ரஷீத் என்கிற ரோசெட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெய்ரோவைத் தாண்டியதும் நைல் நதி இரண்டாகப் பிரிந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் போகிறது. மேற்குக் கிளையின் கரையில், கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் சிற்றூர் ரஷீத். ஐரோப்பியர் வைத்த பெயர் ரோசெட்டா. எகிப்துப் பயணத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. அதனால் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருவது நல்லது.

ரோசெட்டா கல்லு அங்கேதானே இருக்கு? அதைப் பார்க்கத்தான் போறோம்.

இல்லை. பழைய எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழிகாட்டிய அந்தக் கல் 1802 முதல் லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1799 ஜூலையில் நெப்போலியனின் படை ரஷீதுக்கு வடக்கே இருந்த பழைய கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருந்தபோது, பூஷார் என்ற பொறியியல் அதிகாரியின் கண்காணிப்பில் நடந்த வேலையில் அது கிடைத்தது. 1801-இல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தபோது கல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. ரஷீதில் நீங்கள் பார்க்கக்கூடியது பிரதி மட்டுமே. பிரிட்டிஷ் மியூசியம் 2005-இல் எகிப்துக்கு அசல் அளவில் ஒரு பிரதி கொடுத்தது. அது ரஷீத் அருங்காட்சியகத்துக்காக வந்ததுதான்.

அந்தக் கல் ரஷீதில் செதுக்கப்பட்டதும் அல்ல. கி.மு. 196-இல் ஐந்தாம் தாலமியின் பெயரால் வெளிவந்த ஆணை அதில் இருக்கிறது. நதியின் மேற்பகுதியில் இருந்த ஒரு கோயிலில், பெரும்பாலும் சாயிஸ் நகரத்தில், நின்றிருந்ததைப் பிற்காலத்தில் கட்டுமானக் கல்லாகக் கொண்டுவந்து கோட்டைச் சுவரில் வைத்துவிட்டார்கள். கல்லை மட்டும் நினைத்து வருகிறவர்கள் பிரதியின் முன்னால் படம் எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் ஏமாந்து திரும்புகிறார்கள். அந்த எண்ணத்தோடு போகவேண்டாம்.

அப்போ எதுக்குத்தான் போகணும்?

வீடுகளுக்காக. துருக்கியர் 1517-இல் எகிப்தைப் பிடித்த பிறகு ரஷீத் பெரிய துறைமுகமாக வளர்ந்தது. நதி வழியாக வந்த அரிசியும் காப்பியும் இங்கிருந்துதான் கடலுக்குப் போயின. அந்தப் பணத்தில் வணிகர்கள் கட்டிய மூன்று நான்கு மாடிச் செங்கல் வீடுகளில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன. கெய்ரோவுக்கு வெளியே இந்தக் காலத்து வீடுகளை இப்படிக் கூட்டமாகப் பார்க்க எகிப்தில் வேறு நல்ல இடம் இல்லை.

அவை இடிபடாமல் நின்றதற்குக் காரணம் ஊர் நொடித்துப்போனதுதான். அன்றைய எகிப்து ஆட்சியாளர் முகம்மது அலி வெட்டிய மஹ்மூதிய்யா கால்வாய் 1820-இல் முடிந்ததும் நைல் சரக்கெல்லாம் நேரே அலெக்ஸாந்திரியாவுக்குப் போக ஆரம்பித்தது. ரஷீதில் பணம் வற்றியது. பழையதை இடித்துப் புதிது கட்ட யாருக்கும் தேவையில்லாமல் போயிற்று. வீடுகளுக்கு அப்பால் மீன் சந்தை, ஆற்றங்கரையில் மரப்படகு கட்டும் இடங்கள், ஊரைச் சுற்றிய பேரீச்சைத் தோப்புகள் எல்லாம் உண்டு. பிரமிடு மாதிரியான பிரமாண்டம் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது.

அலெக்ஸாந்திரியாவிலிருந்து எப்படிப் போறது?

தூரம் சுமார் 65 கி.மீ., கிழக்கே. வழக்கமான வழி மைக்ரோபஸ், அதாவது 14 பேர் உட்காரும் வேன். முஹர்ரம் பே பக்கம் இருக்கும் பெரிய வண்டி நிலையத்தை ‘மவ்கிஃப் கெதீத்’ என்று கேட்டுப் போங்கள். உள்ளே ‘ரஷீத், ரஷீத்’ என்று கூவிக்கொண்டிருப்பார்கள். ‘ரோசெட்டா’ என்றால் பல ஓட்டுநர்களுக்குப் புரியாது. நேர அட்டவணை கிடையாது, வண்டி நிறைந்ததும் கிளம்பும். காலையில் சீக்கிரம் நிறையும். பயணம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். நிலையத்துக்குப் போய்ச் சேர நகர நெரிசலில் அரை மணிக்கு மேல் ஆகலாம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. கடலோர சர்வதேசச் சாலையில் கஃபர் எல்-ஷேக் பக்கமோ டமியெட்டா பக்கமோ போகும் வண்டிகளும் ‘ரஷீத் வழியாகத்தான்’ என்று ஏற்றிக்கொள்ளும். அவை ஊருக்குள் நுழையாமல் நெடுஞ்சாலையில் இறக்கிவிடும். ஏறுமுன் ஊருக்குள் போகுமா என்று கேட்டுவிடுங்கள். கட்டணத்தை ஓட்டம் தொடங்கிய பிறகு பின்வரிசையிலிருந்து கைமாற்றி முன்னால் அனுப்புவார்கள், மீதியும் அப்படியே திரும்பி வரும். எவ்வளவு என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். வழியில் இறங்க ‘அலா கம்ப், யா உஸ்தா’ என்றால் ஓரமாக நிறுத்துவார்.

மூன்று நான்கு பேர் இருந்தால் அலெக்ஸாந்திரியாவிலேயே ஒரு காரை நாள் முழுக்கப் பேசிக்கொள்வது வசதி. காத்திருக்கும் நேரமும் கோட்டைக்குப் போய்வருவதும் சேர்ந்ததா என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஊரில் போய்ப் பேசினால் கூடுதலாகத்தான் கேட்பார்கள்.

கெய்ரோவிலிருந்து ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா?

வந்துவிடலாம். ஆனால் நாளின் பெரும்பகுதி வண்டியில் போய்விடும். அலெக்ஸாந்திரியாவில் இரண்டு இரவு தங்கி, நடுவில் ஒரு நாளை ரஷீதுக்கு வைப்பதுதான் சரியான திட்டம்.

திரும்பும்போது கெய்ரோவுக்கே போக வேண்டியிருந்தால் அலெக்ஸாந்திரியா வரை போகத் தேவையில்லை. ரஷீதிலிருந்து மாவட்டத் தலைநகரான தமன்ஹூருக்கு மைக்ரோபஸ் பிடியுங்கள். அது அலெக்ஸாந்திரியா–கெய்ரோ ரயில் பாதையிலேயே இருக்கிறது.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

அக்டோபரும் நவம்பர் முதல் பாதியும், அடுத்து மார்ச்சும் ஏப்ரலும். பேரீச்சை வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். எகிப்து என்றாலே வெயில் என்று நினைத்து டிசம்பர், ஜனவரியில் மெல்லிய சட்டையோடு வருபவர்கள் இங்கே நடுங்குகிறார்கள். இது மத்தியதரைக் கடற்கரை, குளிர்காலத்தில் காற்றும் மழையுமாக ‘நவ்வா’ எனப்படும் புயல்கள் வரும். மீனவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து நாள் குறித்திருக்கிறார்கள்: நவம்பர் நடுவில் மக்னஸா, டிசம்பர் தொடக்கத்தில் காஸிம், ஜனவரியில் ஃபைதா. அந்த நாட்களில் படகுகள் கடலுக்குப் போகாது, சந்தையில் மீன் குறையும், மண் சந்துகள் சேறாகிவிடும்.

ரமலானில் பகலில் உணவுக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பார்வை இடங்களும் சீக்கிரம் அடைத்துவிடும். வெள்ளிக்கிழமை போனால் பதினொன்றரை முதல் ஒன்றரை மணி வரை எதையும் திட்டமிடாதீர்கள். ஊரே தொழுகையில் இருக்கும்.

டிக்கெட் எங்கே வாங்கணும்? எல்லா வீடும் திறந்திருக்குமா?

அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். ஊர் நடுவில், தோட்டத்தை ஒட்டி இருக்கும் அரப் கில்லி வீடுதான் அருங்காட்சியகம். மற்ற வீடுகளுக்கான டிக்கெட்டையும், இன்று எவை திறந்திருக்கின்றன என்ற விவரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டால் நிம்மதி. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காவலர்கள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும் மனநிலைக்கு வந்துவிடுவார்கள்.

எல்லா வீடும் ஒரே நாளில் திறந்திருக்காது. எப்போதும் சிலவற்றில் சீரமைப்பு நடந்துகொண்டிருக்கும். பூட்டியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். காவலர் பெரும்பாலும் பக்கத்து டீக்கடையில் இருப்பார், ‘மிஃப்தாஹ்’ என்று சாவியைக் கேட்டால் தெருப்பையன் யாராவது ஓடிப்போய்க் கூட்டிவருவான். எகிப்தின் தொல்லியல் இடங்கள் பலவற்றில் இப்போது டிக்கெட்டுக்குக் கார்டு மட்டும்தான் வாங்குகிறார்கள். சிற்றூர்களில் கார்டு இயந்திரம் வேலை செய்யாத நாளும் உண்டு. இரண்டையும் வைத்திருங்கள். சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் அரைக் கட்டணம்.

எல்லாம் ஒரே மாதிரி வீடுங்கதானே? எதை எதைப் பார்த்தா போதும்?

நேரம் குறைவென்றால் மூன்று போதும்: அரப் கில்லி, அமஸ்யாலி, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் அபூ ஷாஹீன் மாவு ஆலை. அரப் கில்லி ஊரின் ஆளுநராக இருந்தவரின் 18-ஆம் நூற்றாண்டு வீடு, 1959-இல் அருங்காட்சியகம் ஆனது. கல்லின் பிரதி பற்றி மேலே சொன்னோம். அதைவிட, 1807 மார்ச் 31 அன்று நடந்த சண்டையைப் பற்றிய பகுதியில் நேரம் செலவிடுங்கள். ஃப்ரேஸர் தலைமையில் எகிப்துக்கு வந்த பிரிட்டிஷ் படையின் ஒரு பிரிவு, ஊர் காலியாக இருக்கிறது என்று நம்பி இந்தச் சந்துகளுக்குள் நுழைந்தது. ஜன்னல்களிலிருந்தும் மாடிகளிலிருந்தும் சுட்டு விரட்டிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு வெளியே வந்து, தெருவின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் மர ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தால், கீழே மாட்டிக்கொண்டவனுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பது விளங்கும்.

அமஸ்யாலி 1808-ஐச் சேர்ந்தது. தரைத்தளத்தில் வந்தவர்கள் காத்திருக்கும் இடமும் சரக்கறையும், அதற்கு மேல் ஆண்களின் வரவேற்புக்கூடம், அதற்கும் மேல் பெண்களின் அறைகள். முத்துச்சிப்பி பதித்த சுவர் அலமாரிகளையும் வர்ணம் தீட்டிய மர உட்கூரையையும் விட்டுவிடாதீர்கள். கடைசல் மரச்சல்லடையான மஷ்ரபிய்யாவுக்கு உள்ளே நின்று தெருவைப் பாருங்கள். வெளியே இருப்பவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், காற்று மட்டும் தாராளமாக வரும். மாவு ஆலையில் மாட்டையோ கோவேறு கழுதையையோ கட்டிச் சுற்றவைக்கும் பெரிய மரப் பற்சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன. ஆலைக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தால் அஸூஸ் ஹம்மாம். பளிங்குத் தரையும், கூரைக் குவிமாடத்தில் வட்ட வட்டமாகக் கண்ணாடி பதித்த ஒளித்துளைகளும் கொண்ட பொதுக்குளியலறை. அதன் பிறகு மிஸூனி வீட்டைத் தெருவில் நின்றே பாருங்கள். பிரெஞ்சுப் படையின் கடைசித் தளபதி மெனூ இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா என்று பெயர் வைத்துக்கொண்டு மணந்த ஸுபைதாவின் குடும்பம் கட்டியதாகச் சொல்வார்கள்.

சுவர்ல கறுப்பும் சிவப்புமா இருக்கே, அது பெயிண்ட்டா?

செங்கல்லேதான். சிவப்புக் கல்லையும் கறுப்புக் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே வெள்ளைச் சாந்தைத் துருத்திக்கொண்டு நிற்கும்படி பூசியிருக்கிறார்கள். இடையிடையே கிடைமட்டமாக மரச்சட்டங்கள் ஓடும். டெல்டா மண் இளக்கமானது, ஒரு பக்கம் இறங்கும்போது சுவர் வெடிக்காமல் அவை தாங்கிக்கொள்கின்றன. மூலைகளில் வழுவழுப்பான பழைய பளிங்குத் தூண்களைப் பார்ப்பீர்கள். கிரேக்க, ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வைத்தவை. கல்லே கிடைக்காத வண்டல் நாடு என்பதால் கிடைத்த ஒவ்வொரு பழைய கல்லுக்கும் இங்கே மறுவாழ்வு உண்டு. ரோசெட்டா கல் கோட்டைச் சுவருக்குள் போனதும் இதே காரணத்தால்தான்.

காவலரிடம் தரைத்தளத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் காட்டமாட்டார்கள். கோடையில் நதியில் நீர் இறங்கும்போது கடல்நீர் ஊர்வரை ஏறிவந்து ஆறு உப்பாகிவிடும். அதனால் வெள்ளக் காலத்திலேயே நன்னீரை இந்தத் தொட்டிகளில் நிரப்பி வருடத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். 1951-இல் மேலே இத்ஃபீனாவில் தடுப்பணை கட்டிய பிறகு உப்பு அதற்கு மேல் ஏறுவதில்லை. ரஷீத் அணைக்குக் கீழே இருப்பதால் ஊரின் முன்னால் ஓடுவது இன்றும் கடலும் ஆறும் கலந்த நீர்தான்.

வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

ஊருக்குத் தாராளமாக. வீடுகளின் மேல்மாடிக்கு யோசிக்க வேண்டும். படிகள் செங்குத்தானவை, ஒவ்வொன்றும் உயரம் அதிகம், பல இடங்களில் கைப்பிடி இல்லை, வெளிச்சமும் போதாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் மாடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அமஸ்யாலியின் நல்ல வேலைப்பாடுகள் மேலேதான் இருக்கின்றன என்பது உண்மை. அதற்குப் பதிலாகக் கீழே சொல்லும் ஆற்றுப்பயணம் அவர்களுக்குச் சரியாக இருக்கும்.

ஊருக்குள்ள நடந்தே சுத்தலாமா? ஆட்டோ இருக்கா?

பழைய ஊர் முழுவதும் நடந்துவிடும் தூரம்தான். ஆற்றங்கரைச் சாலையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்தால் வழி தவறாது. நெருக்கமான சந்துகளில் போனின் வரைபடம் குழம்பும். ‘பேத் அமஸ்யாலி’ என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஆட்டோவும் உண்டு, அங்கே ‘துக்துக்’ என்பார்கள். பார்த்தவுடனே அடையாளம் தெரியும்: நம் ஊர் பஜாஜ்தான், எண்ணற்ற ஸ்டிக்கர்களோடும் பாட்டுச் சத்தத்தோடும் ஓடும். மீட்டர் இல்லை. ஏறும் முன் ‘பிகாம்?’ (எவ்வளவு) என்று கேளுங்கள்.

கல்லு கிடைச்ச கோட்டை எங்கே இருக்கு? போறது வீண் அலைச்சலா?

ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர், ஆற்றின் மேற்குக் கரையில். துருக்கியருக்கு முன் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களில் ஒருவரான காய்த்பே 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. அதே பெயரில் அலெக்ஸாந்திரியாவில் இன்னொரு கோட்டை இருப்பதால் ஓட்டுநரிடம் ‘காய்த்பே’ என்று மட்டும் சொல்லாமல் ‘தாபியத் ரஷீத்’ என்றோ ‘புர்க் ரஷீத் பக்கத்துக் கோட்டை’ என்றோ சொல்லுங்கள் (புர்க் ரஷீத் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்). துக்துக்கைப் போகவர, காத்திருப்போடு சேர்த்துப் பேசுங்கள். அங்கே திரும்ப வண்டி கிடைக்காது.

உள்ளே சிறிய கோட்டைதான், அரைமணி நேரம் போதும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் அதிகாரி ஒருவரின் நினைவாக ஜூலியன் கோட்டை என்று மாற்றியிருந்த பெயர் இப்போது புத்தகங்களில் மட்டும்தான். நேரம் இழுபறியாக இருந்தால் கோட்டையை விட்டுவிட்டுப் படகை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வோம்.

நைல் கடல்ல கலக்கிற இடத்தைப் பார்க்க முடியுமா?

நினைப்பதுபோல் அழகான சங்கமத்துறை இங்கே இல்லை. முகத்துவாரத்தில் கான்கிரீட் பாறைகளால் கட்டிய நீண்ட கடல்சுவர்கள்தான் கண்ணில் படும். 19-ஆம் நூற்றாண்டு வரை வண்டல் சேர்ந்து கரை கடலுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. அஸ்வானில் அணைகள் வந்து வண்டல் நின்றதும் கடல் அதைத் திரும்பத் தின்ன ஆரம்பித்து, கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. அதைத் தடுக்கத்தான் அந்தச் சுவர்கள்.

இன்னொரு விஷயம்: இது கடலோரக் காவல்படை கண்காணிக்கும் எல்லைப் பகுதி. 2016 செப்டம்பரில் இந்தக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கிளம்பிய அகதிப் படகு கவிழ்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளூர்க் குடும்பங்களும் அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. புர்க் ரஷீத் பக்கம் வெளியாட்கள் கேமராவோடு சுற்றினால் விசாரிப்பார்கள். அதைக் கெடுபிடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறும் கடலும் சேருமிடத்தில் ஆற அமர நடக்க ஆசை என்றால் கிழக்குக் கிளையின் ராஸ் எல்-பர் போங்கள். அதற்கென்றே அங்கே நடைபாதை இருக்கிறது.

படகுல போகலாமா? எவ்வளவு கேப்பாங்க?

போகவேண்டும். வடக்கே வேண்டாம், தெற்கே போங்கள். நதி வளையும் இடத்தில் தோப்புகளுக்கு நடுவே, மணல்மேட்டின் அடியில் அபூ மந்தூர் பள்ளிவாசல் நிற்கிறது. போகவர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மரக்கலம் கட்டும் பட்டறைகள் கரையிலேயே இருக்கும், விலா எலும்புகள் தெரிய நிற்கும் படகுகளைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதுதான் நல்ல கோணம்.

கட்டணம் தலைக்கு அல்ல, படகுக்கு. எத்தனை மணி நேரம், எங்கே வரை, நடுவில் இறங்கலாமா, டீசல் சேர்ந்ததா என்ற நான்கையும் ஏறும் முன் பேசுங்கள், பணம் இறங்கிய பிறகு கொடுங்கள். வெறுமனே ஆற்றைக் கடந்தால் போதும் என்பவர்களுக்கு அக்கரையில் இருக்கும் ஜஸீரா கத்ராவுக்கு ஊர்க்காரர்கள் போகும் ‘மஅத்தியா’ ஓடம் இருக்கிறது. சில்லறைக் காசில் முடிந்துவிடும். காலை வெயிலில் ரஷீதின் முகப்பைப் பார்க்க அந்தக் கரைதான் சரி.

ஆத்துல காலாவது நனைக்கலாமா?

வேண்டாம். பில்ஹார்ஸியா என்ற ஒட்டுண்ணி நோய் நைல் டெல்டாவின் பழைய தொல்லை. நத்தையிலிருந்து வெளிவரும் புழு, தோல் வழியாகச் சில நிமிடங்களில் உடம்புக்குள் போய்விடும். அரசின் நீண்டகாலச் சிகிச்சைத் திட்டத்தால் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. ரஷீத் முன்னால் நீர் உப்புக் கலந்தது என்பதால் ஆபத்து குறைவு. சுற்றியிருக்கும் வாய்க்கால்களும் வயல்களும் சுத்த நன்னீர், அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தவறி இறங்கிவிட்டு, சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலோ அரிப்போ வந்தால் நைல் டெல்டாவில் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பிராஸிகுவாண்டல் மாத்திரையில் குணமாகும்.

மீன் சாப்பிடாம வரக்கூடாதுன்னு சொல்றாங்க. எப்படிக் கேட்கறது?

கடையின் முன்னால் ஐஸில் கிடக்கும் மீனை நீங்களே காட்டி எடைபோடச் சொல்லவேண்டும். விலை கிலோவுக்கு. சுத்தம் செய்து சுட்டுத்தரும் கூலி தனியா, சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். பில்லைப் பார்த்துவிட்டு வரும் சண்டையெல்லாம் இதில்தான். ஊரின் மீன் ‘பூரி’, அதாவது மடவை. கோதுமைத் தவிட்டில் புரட்டி நெருப்பில் சுடச்சொல்லுங்கள்: ‘மஷ்வி பிர்-ரத்தா’. தோல் கருகிக் கழன்றுவிடும், உள்ளே சதை ஈரமாக இருக்கும். கூடவே வெங்காயத்தைக் கருக வதக்கிச் செய்த பழுப்பு நிறச் சோறு, ஸய்யாதிய்யா. இரண்டு பேருக்கு ஒரு கிலோ மீன் போதும்.

ஃபெஸீக்னு ஒண்ணு விக்கறாங்களே, நம்ம கருவாடு மாதிரியா?

இல்லை. கருவாடு உலர்ந்தது, ஃபெஸீக் ஈரமாகவே உப்பில் புளிக்கவைத்த மடவை, சமைக்காமல் தின்பது. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாள் வரும் ஷம்முன்-நஸீம் வசந்தத் திருநாளில் நாடே இதைச் சாப்பிடும், சுகாதார அமைச்சகம் வருடந்தவறாமல் எச்சரிக்கையும் விடும். காரணம் இருக்கிறது: சரியாக உப்புச் சேராத மீனில் பாட்டுலிஸம் நச்சு உருவாகும். 1991-இல் ஒரே பரவலில் 18 பேர் இறந்தார்கள். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, எலுமிச்சை பிழிந்தாலும் போகாது. ருசி பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் உள்ளூர்க் குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். தெருவோரத் தட்டில் வேண்டாம். சாப்பிட்ட பின் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ விழுங்கச் சிரமமாக இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனை.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, எகிப்தில் சைவர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஃபூல் என்ற மொச்சைக் கூழ், மொச்சையை அரைத்துப் பொரித்த தஅமிய்யா, சோறு–பருப்பு–மக்ரோனி–வறுத்த வெங்காயம் கலந்த குஷரி மூன்றும் எந்த ஊரிலும் கிடைக்கும். கீரைக் குழம்பான முலூகிய்யாவில் மட்டும் ஏமாறாதீர்கள். பார்க்கச் சைவமாக இருக்கும், வேகவைத்தது இறைச்சிச் சாற்றில். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் கோழி போடுவார்கள். ‘ஸியாமி’ என்று சொல்லுங்கள். காப்டிக் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாட்டுக்கு அந்தப் பெயர், இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராது. அந்த விரதத்தில் சில நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு, அதனால் ‘மீனும் வேண்டாம்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே பேரீச்சம்பழம் சிவப்பா, கடக்குனு இருக்கே. பழுக்காததா?

ஸக்லூல் என்ற அந்த வகையை அப்படித்தான் தின்பார்கள். கடித்தால் நொறுங்கும், இனிக்கும், கடைசியில் கொஞ்சம் துவர்க்கும். மஞ்சளாக இருப்பது ஸமானி. குழைந்து கறுத்தது ஹயானி. மூன்றும் ஈரப்பழங்கள், விமானத்தில் ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் வழியிலேயே புளித்துவிடும்.

பக்‌ஷீஷ் யாருக்கு, எவ்வளவு?

பூட்டிய கதவைத் திறந்தவர், விளக்குப் போட்டு மாடி காட்டியவர் ஆகியோருக்கு அன்பளிப்பாக 20 முதல் 50 எகிப்திய பவுண்டு. வழி மட்டும் சொன்னவருக்குத் தேவையில்லை, ரஷீதில் பலர் வாங்கவும் மாட்டார்கள். 2024 மார்ச்சில் பவுண்டின் மதிப்பு ஒரே நாளில் கடுமையாக இறங்கியது. அதற்கு முந்தைய விலைப்பட்டியல்கள் எதையும் நம்பாதீர்கள். 10, 20 பவுண்டு நோட்டுகளை அலெக்ஸாந்திரியாவிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். 200 நோட்டுக்குத் துக்துக்காரரிடம் சில்லறை இருக்காது.

பெண்கள் தனியா போகலாமா? டிரஸ் எப்படி?

போகலாம். அலெக்ஸாந்திரியாவைவிடப் பழைய பழக்கவழக்கங்களில் ஊறிய ஊர், அதனால் தோளும் முழங்காலும் மூடிய தளர்வான உடை நல்லது. சல்வார் கமீஸ் கச்சிதம். பள்ளிவாசலுக்குள் தலைத்துணி வேண்டும், செருப்பைக் கையில் எடுத்துச் செல்லலாம். ஆண்கள் மட்டும் உட்காரும் டீக்கடைகளைத் தவிர்த்துவிட்டு, குடும்பங்கள் வரும் ஆற்றங்கரைக் கடைகளில் உட்காருங்கள். கழிப்பறையை அருங்காட்சியகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பிறகு கிடைப்பது அரிது.

போட்டோ எடுத்தா போலீஸ் பிடிக்குமா?

2022 முதல் பொது இடங்களில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்க அனுமதிச்சீட்டு தேவையில்லை. மனிதர்களை, குறிப்பாகக் குழந்தைகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பாலம், சோதனைச் சாவடி, ராணுவ வண்டி, முகத்துவாரத்துக் காவல்படை நிலையம் ஆகியவற்றை எடுக்கவே கூடாது. ட்ரோனை நாட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும்.

டெல்டா ஊர்களுக்கு வெளிநாட்டுப் பயணிகள் குறைவு. அதனால் போலீஸ்காரர் ஒருவர் வந்து எந்த நாடு, எங்கே தங்கல், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்கலாம், சில சமயம் கூடவே நடக்கவும் செய்வார். பாஸ்போர்ட்டின் அசலைக் கையில் வைத்திருங்கள், நகல் மட்டும் போதாது. அவர் கூட வருவதில் ஒரு லாபமும் உண்டு: மேலே சொன்ன சாவிக்காரர் உடனே வந்துவிடுவார்.

ராத்திரி தங்கலாமா, இல்ல திரும்பிடறது நல்லதா? கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

எளிமையான தங்கும் இடங்கள் ஒன்றிரண்டு இருக்கின்றன. வசதியை எதிர்பார்க்கக் கூடாது. காலையில் மீன் வந்திறங்குவதைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் தங்கல் லாபம். மற்றவர்கள் அலெக்ஸாந்திரியாவுக்குத் திரும்புவதே மேல்.

கடைசி வண்டி என்று ஒன்று கிடையாது, ஆள் சேரும்வரை ஓடும். இருட்டிய பிறகு 14 பேர் சேர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், காலி இடங்களுக்கும் நீங்களே பணம் கட்டினால் உடனே கிளம்புவார்கள். மாலை ஐந்து மணிக்குள் நிலையத்தில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வெள்ளி மாலையும் பண்டிகை மறுநாளும் விதிவிலக்கு: அலெக்ஸாந்திரியாவுக்கு வேலைக்குத் திரும்புகிறவர்கள் கூட்டம் வண்டி நிற்கும் முன்பே ஏறிவிடும். அன்று தமன்ஹூர் வழியை எடுங்கள்.